மூன்றாம் ஓலை

நான் எழுந்து நின்றேன். சட்டையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பீடத்தருகே இருந்த ஒலிபெருக்கியை நோக்கி நடந்தேன். அதுவரை இருமலும் குழந்தைகளின் சிணுங்கலுமாக அசைந்துகொண்டிருந்த மாதா கோயில் ஒரே நொடியில் உறைந்து போயிற்று. அந்த மௌனத்தை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். வாழ்நாளின் பெரும்பகுதி கல்லூரியில் வரலாறு போதித்தவனுக்கு, தான் எழுந்ததும் கூட்டம் அடங்குவது புதிதன்று.

பெண்கள் பக்கத்தில் ஓர் அம்மாள் இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டதைக் கண்டேன். வெயில் ஏறிவிட்டது, தலைவலியாக இருக்கும் என்று நினைத்தேன்.

இந்தத் தொடரில் இதுவரை என் ஆசிரியர்களைப் பற்றியும், கல்லூரி நாட்களைப் பற்றியும், பழைய பிரெஞ்சு நிர்வாகம் விட்டுச்சென்ற பழக்கவழக்கங்களைப் பற்றியும் எழுதி வந்திருக்கிறேன். இவ்வாரம் அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை எழுதக் காரணம் உண்டு. பாகூர் வட்டாரத்தில் ஒரு கதை உலவுகிறது. வில்லியனூர்ப் பேராசிரியர் ஒருவர், மூன்றாம் ஓலை வாசித்தபோது கோயிலில் எழுந்து நின்று, ஓர் ஏழைப் பெண்ணின் திருமணத்தை நிறுத்தப் பார்த்தார் என்பது அக்கதை.

எழுந்து நின்ற பேராசிரியர் நான்தான். மற்றதை நேர்செய்யவே இதை எழுதுகிறேன்.

காது பார்த்த சன்னல்

ஊரின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்தார் அங்கேயே வாழ்கிறார்கள். கரிக்கலாம்பாக்கம் தாண்டி, பாகூர் ஏரியின் காற்று முகத்தில் படத் தொடங்கும் தொலைவில் உள்ள சிற்றூர் என்று மட்டும் சொல்கிறேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஊர் சிறியது. ஆனால் அதன் நடுவே, புளியமரங்களுக்குப் பின்னால், வெள்ளைக்காரச் சாமியார்கள் எழுப்பிய மிஷன் வளாகம் ஒன்று இருக்கிறது. கோயில், சாமியார் பங்களா, கன்னியர் மடம், பள்ளிக்கூடம், மருந்தகம், பின்புறம் சிறிய கல்லறைத் தோட்டம். ஒரு காலத்தில் பத்திரம் எழுதும் நோட்டாரிடம் கையெழுத்துப் போட வேண்டுமானால் புதுச்சேரிக்குப் போன மக்கள், காய்ச்சலுக்கும் எழுத்தறிவுக்கும் இங்கேதான் வந்தார்கள். இந்துக்களும் வந்தார்கள். நாங்களும் வந்தோம்.

எனக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. கைமருந்து எதற்கும் கேட்கவில்லை. என் தந்தையார் கொம்யூன் என்னும் பிரெஞ்சுக் கால ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். வெளியில் செல்லும்போது கோட்டு இல்லாமல் செல்லமாட்டார். கோட்டு அணிந்து, என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்து அழைத்து வந்தார்.

மருந்தகத்துக்குக் கதவு வழியாக நோயாளிகள் போவதில்லை. தாழ்வாரத்தில் ஒரு சன்னல் உண்டு. அதன் முன்னே மரப்படி ஒன்று போட்டிருப்பார்கள். குழந்தைகள் அதில் ஏறி நிற்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரீயின் முகம் தோன்றும். எங்கள் ஊர் வெயில் அந்த முகத்தைச் செங்கல் நிறமாக்கி வைத்திருந்தது.

"பிள்ளாய், சிரசைச் சாய்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. 'சிரசு' என்ற சொல்லை எங்கள் தெருவில் யாரும் சொன்னதில்லை. தந்தையார் மகிழ்ந்து போனார். "எவ்வளவு சுத்தமான தமிழ் பேசுகிறார், பார்" என்று என் தலையைப் பிடித்துச் சாய்த்தார். வெதுவெதுப்பான மருந்து உள்ளே இறங்கியபோது, உலகமே தண்ணீருக்குள் மூழ்கியதுபோல் ஒலிகள் எல்லாம் விலகிப் போயின. மறுபக்கத்துக் காதில் கோயில் மணி மட்டும் கேட்டது.

அதன்பின் பல ஆண்டுகள், இந்த ஊர் என்றால் எனக்கு அந்த மணிதான். கல்லூரியில் ஐரோப்பியக் கட்டடக் கலையைப் பாடமாக நடத்தியபோதெல்லாம் ஏதேதோ நாட்டுத் தேவாலயங்களின் படங்களைக் காட்டினேன். மனத்துக்குள் தெரிந்தது புளியமரத்துக்குப் பின்னால் இருந்த இதுதான்.

கட்டி முடிக்காத கோபுரம்

சென்ற ஆண்டு இந்தப் பங்குக்குப் புதிதாக வந்த சாமியார் ஓர் இளைஞர். நான் ஒரு மலரில் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு நேரில் வந்து பார்த்தார். "எங்க சனங்களுக்கு அவங்க கோயிலோட அருமை தெரியணும் சார். ஞாயித்துக்கிழமை பூசை முடியறப்ப நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும்" என்றார். இசைந்தேன்.

என் மனைவி சரசுவதியும் உடன் வந்தாள். கரிக்கலாம்பாக்கம் சாலையில், நாற்றங்கால்களாக நான் அறிந்திருந்த இடங்களில் வண்ணம் பூசிய மனைக்கற்கள் வரிசையாக நின்றன. "ஊரு பேரு மட்டும் பாக்கமா இருக்குது, பாக்க ஒண்ணுமில்ல" என்றாள். அவள் இப்படித்தான் சொற்களோடு விளையாடுவாள். நான் விளையாடுவதில்லை.

பூசைக்கு முன்பே சென்று, சாமியாருடன் வளாகத்தைச் சுற்றிப் பார்த்தேன். கோயிலின் முகப்பில் இரண்டு கோபுரங்கள் எழும்பியிருக்க வேண்டும். ஒன்றுதான் நிறைவேறியது. மற்றது கூரை மட்டத்தோடு நின்றுவிட்டது. அதன் உச்சியில் இப்போது அரசஞ்செடி முளைத்திருக்கிறது. ஆயினும் அந்தக் குறை கோயிலுக்கு ஓர் அழகைக் கொடுக்கிறது. ஒரு பக்கமாகத் தலைசாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருப்பவரைப் போல நிற்கிறது.

உள்ளே நுழைந்ததும் உருகிய மெழுகும், சாம்பிராணியும், எங்கோ உயரத்தில் வௌவாலும் கலந்த வாடை. சுவர்களில் சுண்ணாம்புக் காரை சங்கைப்போல் வழுவழுப்பாக இருந்தது. கையை வைத்தால் அந்தக் கோடையிலும் குளிர்ந்தது. மேலே வளைந்து செல்லும் விதானம். சாமியார் இயல்பான குரலில் ஒரு சொல் சொன்னார். அது விதானத்தில் ஏறி, திரும்பி, வேறொரு சொல்லாக என்னிடம் வந்து சேர்ந்தது.

"எக்கோ கொஞ்சம் அதிகம் சார்" என்றார் அவர், சற்று உரக்க.

"பழைய கட்டடக் கலையின் சிறப்பு அது" என்றேன்.

கல்லறைத் தோட்டத்தில், கடல் கடந்து வந்து இங்கேயே மடிந்த சாமியார்களின் கற்கள் இருந்தன. தலைப்பில் பிரெஞ்சு, கீழே தமிழ். ஒரு கல்லில், கொத்தியவன் இடம் போதாமல், 'இளைப்பாறுகிறார்' என்ற சொல்லின் கடைசி எழுத்தைக் கீழ்வரிக்குத் தள்ளியிருந்தான். அந்த 'ர்' மட்டும் தனியாக, புல்லின் நடுவே, பிள்ளைப்பூச்சியைப்போல் உட்கார்ந்திருந்தது. நான் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரசுவதி வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

மருந்தகத்துச் சன்னலையும் கண்டேன். இப்போது அது மறைக்கல்வி வகுப்பு. மரப்படி இல்லை. சன்னல் என் மார்பளவுக்கு இருந்தது. எட்டிப் பார்த்தால் உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் கிடந்தன.

என் பெயர்

இங்கே என் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தந்தையாருக்கு நெடுங்காலம் பிள்ளைப்பேறு இல்லாமல், பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டு பிறந்தவன் நான். ஆகவே விக்கினேசுவரன். கல்லூரியில் மாணவர்கள் 'விக்கி' என்று சுருக்கியதை நான் ஒருபோதும் அனுமதித்ததில்லை. மேடைகளில் என்னை 'அறிஞர் விக்கினேசுவரன்' என்று அழைப்பார்கள். நான் கேட்டுப் பெற்ற பட்டமன்று. ஆனாலும் அது எனக்குப் பழகிப் போயிருந்தது.

ஓலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கத்தோலிக்கர்களிடையே திருமணம் நிச்சயமானால், தொடர்ந்து மூன்று ஞாயிறுகள் பூசையில் அதை அறிவிப்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், அதற்குத் தடையேதும் இருப்பது எவருக்கேனும் தெரிந்தால் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று மூன்று முறையும் கேட்பார்கள். மூன்றாம் ஓலையும் அமைதியாகக் கடந்துவிட்டால், பெண்ணைப் பெற்றவர்கள் மூச்சு விடுவார்கள்.

இதையெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டேன். கோயிலைக் கட்டிய விதம் எனக்குத் தெரியும். கோயிலுக்குள் நடப்பது தெரியாது.

தடை என்ற சொல்லே அன்று வந்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கு வேலை இருந்திராது. அவ்வூர் உபதேசியார், அதாவது சாமியாருக்குத் துணையாக அறிவிப்புகள் வாசிப்பவர், பழைய வாசகத்தை ஓர் எழுத்தும் மாற்றமாட்டார். சாமியார் சொல்லிப் பார்த்திருக்கிறார். "எங்க அப்பா படிச்ச மாதிரிதான் நானும் படிப்பேன் சாமி" என்று மறுத்துவிட்டாராம். பழைய வாசகத்தில் தடைக்கு விக்கினம் என்று பெயர்.

மீண்டும் ஒலிபெருக்கியின் முன்

சாமியார் என்னிடம் சொல்லியிருந்தது இதுதான்: "அறிவிப்பு எல்லாம் முடிஞ்சதும் உபதேசியார் உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு. அப்ப எழுந்து வாங்க சார்."

நான் முன்வரிசையில் போட்ட நாற்காலியில் காத்திருந்தேன். சரசுவதி பெண்கள் பக்கத்தில், என் பார்வைக்கு எட்டாத இடத்தில். உபதேசியார் வாசித்தார். மின்விசிறிகள் இரைந்தன. விதானம் தன் வேலையைச் செய்தது. அவர் வாசித்த வாசகத்தைச் சாமியார் பின்னர் எனக்குச் சொன்னார்: "இவர்களுக்குள் யாதொரு விக்கினம் உண்டென்று அறிந்தவர்கள், குருவானவரிடத்தில் வந்து அறிவிக்கக் கடவார்கள்."

என்னை வந்தடைந்தது: "விக்கின... அறிந்தவர்... வந்து அறிவிக்க..."

என்ன நினைத்திருப்பேன் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் எழுந்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் பாதகமில்லை. உரையின் தொடக்கத்தை நான் வீட்டிலேயே வடிவமைத்துக்கொண்டு வந்திருந்தேன். கேட்போரைக் கவர்ந்திழுக்கும் தொடக்கம்.

"அன்பர்களே" என்றேன். "நெடுங்காலமாக உங்கள் கண்ணுக்கு மறைந்திருக்கும் சில உண்மைகளை, இன்று நான் சொல்லியே ஆக வேண்டும்."

ஒரு பேரிரைச்சல் எழுந்ததுபோல் இருந்தது. ஆர்வம் என்று கொண்டேன்.

"வெளிப்பூச்சு அழகாக இருக்கிறது என்பதால் நாம் மயங்கிவிடக் கூடாது. உள்ளே விரிசல் இருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன். இப்போதே கவனிக்காவிட்டால், நாளை வருந்துவீர்கள்."

நான் சொன்னது கோபுரத்தின் தென்புறச் சுவரை.

சாமியார் பாய்ந்து வந்து ஒலிபெருக்கியைத் தம் பக்கம் திருப்பி, எல்லாரையும் எழச் சொல்லி, ஆசீர் வழங்கிப் பூசையை முடித்துவிட்டார். நேரமின்மை போலும் என்று எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது.

சாமியார் பங்களாவின் தாழ்வாரம்

வெளியே வந்ததும் சரசுவதி என் முழங்கையைப் பற்றினாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

"இன்னாங்க பண்ணிட்டு வந்தீங்க?"

"ஏன், தொடக்கம் நன்றாகத்தானே இருந்தது?"

அவள் என் காதருகே வாயை வைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். புளியமரத்தடியில் நின்ற நான், அந்த வயதில் முதன்முறையாக, பூமி பிளந்து என்னை உள்வாங்கக் கூடாதா என்று எண்ணினேன்.

அதற்குள் சாமியார் பங்களாவின் தாழ்வாரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நடுவில் நின்றவர் மாப்பிள்ளையின் தாய் புஷ்பம். மடுகரையிலிருந்து, மூன்றாம் ஓலையைத் தம் காதாலேயே கேட்க வேண்டுமென்று உறவினரோடு வந்திருந்தவர். உழுது உரமேறிய உடம்பு, அதற்கேற்ற குரல். நான் அவர் முகத்துக்கு நேரே நின்றேன்.

"சாமி, இன்னா நடக்குது இங்க? எங்க காதுல பூ சுத்துறீங்களா? ஒரு பெரிய மனுசன் ஓலையில ஏந்து நிக்கிறாரு. உள்ள விரிசல்னு மைக்குல சொல்றாரு. அந்த ஆளு காலேஜ் வாத்தியாரு. பொண்ணும் காலேஜ் படிச்ச பொண்ணு. அப்ப ஏதோ விசயம் தெரிஞ்சுதான சொல்றாரு?"

"அம்மா, அவர் சுவரைச் சொன்னாரும்மா" என்றார் சாமியார்.

"செவுத்துக்கு எதுக்கு சாமி ஓலையில ஏந்துருக்கணும்?"

அருகே மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற மாப்பிள்ளை அருள், "ம்மா, உடும்மா" என்றார்.

"நீ சும்மா இருடா. கட்டிகினு வந்தப்பறம் விரிசலப் பாத்துகினு ஒக்காந்திருப்பியா? பொண்ணு வூட்டுக்காரவங்க வந்து பதில் சொல்லட்டும். அதுவரைக்கும் கல்யாணம் நிக்கட்டும்."

கோயிலில் தலையைப் பிடித்துக்கொண்ட அந்த அம்மாள் தூணில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். பெண்ணின் தாய் செசிலி. கணவனை இழந்தவர், வயல் வேலை செய்து மகளைச் செவிலியர் படிப்புப் படிக்கவைத்தவர். என்னைக் கண்டதும் கைகூப்பினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஐயா, போன தடவ ஒரு எடம் வெறும் பேச்சுலயே தவறிப் போச்சுங்க. இதுவும் போச்சுன்னா எம் பொண்ண யாரும் கேட்டு வரமாட்டாங்க. உங்களுக்கு நாங்க இன்னா கெடுதல் பண்ணோம்?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கினேன். ஒலிபெருக்கி பழுதுபட்டது என்றேன். விதானத்தின் எதிரொலி சொற்களைச் சிதைக்கிறது என்றேன். உபதேசியாரின் உச்சரிப்பு தெளிவாக இல்லை என்றேன். அந்தப் பெண் கல்லூரியில் சேர்ந்திருக்கக்கூடிய காலத்துக்கு நெடுங்காலம் முன்பே நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பதையும் எடுத்துரைத்தேன். வாதங்கள் நான்கும் வலுவானவை.

"மைக்கு எங்க எல்லாத்துக்கும் நல்லாத்தான கேட்டுச்சு?" என்றார் புஷ்பம். கூட்டம் தலையசைத்தது.

அப்போது அந்தப் பெண் முன்னே வந்தாள். ஸ்டெல்லா. மெலிந்த உருவம், பூசைக்கென்று உடுத்திய இளநீலப் புடவை. அழவில்லை. என் எதிரே நின்று, நான் கேட்கும்படி நிதானமாகப் பேசினாள். நோயாளிகளிடம் பேசிப் பழகிய குரல்.

"சார், உங்கள இதுக்கு முன்ன நான் பாத்ததே இல்ல. என்னப் பத்தி ஏதாவது தெரிஞ்சா, இங்கயே எல்லார் எதிர்லயும் சொல்லிடுங்க. தெரியலன்னா, எதுக்கு ஏந்தீங்கன்னு உண்மையச் சொல்லுங்க. மைக்கு, எக்கோன்னு சொல்லாதீங்க. நீங்க சமாளிக்க சமாளிக்க, என்னப் பத்தி ஏதோ மறைக்கிறதா நெனைக்கிறாங்க."

அவள் சொன்னது சரி. என் ஒவ்வொரு வாதமும் அவள் திருமணத்தின் மீது ஒரு கல்லாக விழுந்துகொண்டிருந்தது.

நான் தாழ்வாரத்தைப் பார்த்தேன். என்னைப் பேச அழைத்த சாமியார், என் கட்டுரையைப் பாராட்டிய பள்ளித் தலைமையாசிரியர், வணங்கி வழிவிட்ட ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் இருந்தார்கள். வீட்டில் என் மகளிடமும் மருத்துவரிடமும் நான் ஒப்புக்கொள்ளாத ஒன்று இருந்தது.

"எனக்குக் காது கேட்பதில்லை அம்மா" என்றேன். "சில ஆண்டுகளாகவே. யாரிடமும் சொன்னதில்லை. விக்கினம் என்று அவர் சொன்னதை, என் பெயர் என்று நினைத்துவிட்டேன். என் பெயர் விக்கினேசுவரன்."

யாரோ பின்னால் சிரிப்பை அடக்கினார்கள். புஷ்பம் சிரிக்கவில்லை.

"இவ்வளவு நேரம் நாங்க பேசுனதுக்கெல்லாம் பதில் சொன்னாரே? இப்ப செவிடுங்கறாரு."

"நேரில் பார்த்துப் பேசினால் உதட்டசைவில் பிடித்துக்கொள்வேன்" என்றேன். அதையும் சொல்லிவிட்ட பிறகு மறைக்க ஒன்றும் இல்லை.

புஷ்பம் சற்று யோசித்தார். "சரி வாத்தியாரே. அந்தத் தூணப் பாத்துகினு நில்லுங்க. நான் பின்னால இருந்து பேசுறேன். நெசமா கேக்கலன்னா நம்புறேன்."

"இதெல்லாம் வேணாம்மா" என்றார் சாமியார்.

"வேண்டும்" என்றேன் நான்.

எத்தனையோ மாணவர்களைத் தேர்வுக்கு உட்படுத்தியவன், அன்று தேர்வறையின் மாணவனாகத் தூணைப் பார்த்து நின்றேன். உருண்டைத் தூண். கீழ்ப்பகுதியில், நூறாண்டுக் காலம் மனிதர்கள் சாய்ந்து சாய்ந்து, காரை பழுப்பேறிப் பளபளத்தது. ஒரு பக்கத்தில் ஒரு குழந்தை எப்போதோ கரியால் வரைந்த கோழி. தூரத்தில் எங்கோ வண்டுபோல் ஏதோ ரீங்கரித்தது. அவ்வளவுதான். காத்திருந்தேன். அவர் எப்போது பேசத் தொடங்குவார் என்று காத்திருந்தேன்.

தோளில் ஒரு கை பட்டது. சரசுவதி. திரும்பினேன்.

தாழ்வாரமே குலுங்கிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார். மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளின் மீது கவிழ்ந்திருந்தார். சாமியார் கூரையின் தேக்கு உத்திரங்களை எண்ணுபவர்போல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள், தோள்கள் அதிர்ந்தன, அது அழுகையன்று என்பது எனக்கும் தெரிந்தது. என் மனைவி, கட்டுப்பாடு மிக்க குடும்பத்தில் பிறந்தவள், கண்ணீர் வழியச் சிரித்தாள்.

"பேசிவிட்டாரா?" என்றேன்.

"மூணு தபா சொன்னேன் வாத்தியாரே" என்றார் புஷ்பம், என் முகத்துக்கு நேரே வந்து. "மூணாவது தபா கத்தியே சொன்னேன்."

"மடம் வரைக்கும் கேட்டிருக்கும் சார்" என்றார் சாமியார், இன்னும் உத்திரங்களைப் பார்த்தபடி.

என்ன சொன்னார் என்று அன்று முதல் பலரிடம் விசாரித்துவிட்டேன். ஒருவரும் சொல்லவில்லை. சரசுவதி, "அது உங்களுக்கு வேணாம்" என்கிறாள். நான் வற்புறுத்தினால் மீண்டும் சிரிக்கத் தொடங்கிவிடுகிறாள். ஆகவே விட்டுவிட்டேன்.

புஷ்பம் என்னைச் சற்றுநேரம் பார்த்தார். கோபத்தின் கடைசிச் சூடும் அந்த முகத்திலிருந்து இறங்குவதைக் கண்டேன்.

"சொன்னதக் கேட்டிருந்தா எந்த மனுசனும் திரும்பாம இருக்கமாட்டான். இவரு பொய் சொல்லல சாமி" என்றார். பிறகு தூணில் சாய்ந்திருந்த செசிலியிடம் சென்று, அவர் புடவைத் தலைப்பாலேயே அவர் கண்ணைத் துடைத்தார். "இன்னும் இன்னாத்துக்கு அழுவுற சம்மந்தி? காலையிலேர்ந்து ஒரு வா காப்பி குடிக்கல நான். உங்கூர்ல கெடைக்குமா, கெடைக்காதா?"

அதுவரை அவர் வாயில் பெண் வீட்டுக்காரர்கள் என்றே வந்துகொண்டிருந்தது. சம்மந்தி என்ற சொல் விழுந்ததும், ஸ்டெல்லா முந்தானையை விலக்கி அருளைப் பார்த்தாள். அருள் வண்டியின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

திருமணம்

திருமணத்துக்கு எங்களை அழைக்கத் தாயும் மகளுமாக வில்லியனூருக்கே வந்துவிட்டார்கள். செசிலி தாம்பூலத்தட்டை என்னிடம் நீட்டி, "முன்னால வந்து ஒக்காரணும் ஐயா. நீங்க வராம இருந்தா ஊரு வேற மாதிரி பேசும்" என்றார். மறுக்க முடியாத வாதம். அதற்கு முன்பே, என் மகள் சொன்ன இடத்துக்குச் சென்று ஒரு செவிக்கருவி பொருத்திக்கொண்டிருந்தேன். முதல் நாள், என் வீட்டுச் சுவர்க்கடிகாரம் இவ்வளவு இரைச்சல் போடும் என்பதைத் தெரிந்துகொண்டேன்.

அன்று கோயிலின் முகப்பில் மாவிலைத் தோரணம். நிறைவேறாத கோபுரத்தின் அரசஞ்செடியை யாரோ பிடுங்கியிருந்தார்கள். விதானத்தில் பாடல் ஏறி இறங்கியது. அது எதிரொலி என்று இப்போது எனக்குப் பிரித்துக் கேட்க முடிந்தது. முன்வரிசையில், அதே இடத்தில், என்னை உட்கார வைத்தார்கள். நடுவழியின் மறுபுறம் புஷ்பம், புதுப் பட்டுப்புடவையில்.

என் முடிவு தெளிவாக இருந்தது. என்ன நடந்தாலும் அந்த நாற்காலியை விட்டு எழுவதில்லை. உபதேசியார் எதையோ வாசித்தார், அசையவில்லை. எல்லாரும் முழந்தாளிட்டார்கள், உட்கார்ந்தார்கள். நான் இருந்தபடியே இருந்தேன். என் கைகள் நாற்காலியின் இரு பக்கங்களையும் பற்றியிருந்தன. பின்னால் சில இளைஞர்கள் என்னைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்கள். இம்முறை அது எனக்கு நன்றாகவே கேட்டது, பொருட்படுத்தவில்லை.

சாமியார் மணமக்களை அழைத்தார். ஸ்டெல்லாவும் அருளும் பீடத்தின் முன் வந்து நின்றார்கள். அவள் வலக்கை அவர் கையில் இருந்தது. "உன்னை என் கணவனாக ஏற்றுக்கொள்கிறேன்" என்று அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெளிவாக என் செவியில் விழுந்தது. தாலி ஏறியது. உறுமியும் மேளமும் வெளியே வெடித்தன. கோயில் முழுதும் சரசரவென்று எழுந்து நின்றது.

நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

புஷ்பம் நடுவழியைக் கடந்து, மகனின் திருமணத்தை அரைக்கணம் விட்டுவிட்டு, என்னருகே வந்து குனிந்தார்.

"ஏந்துருங்க வாத்தியாரே" என்றார், மெதுவாக. "இப்ப ஏந்துருக்கலாம்."

எழுந்தேன்.